பழைய 8×10 பேஸ் பெட்டி: யாழ்ப்பாணத்தில் வாங்கலாமா, உள்ளே என்ன ஸ்பீக்கர் போடலாம்?

லண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ வீட்டுச் சாமானோடு கப்பலில் வந்திருக்கும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். இல்லாவிட்டால் ஒரு இசைக்குழு கலைந்தபோது மண்டபத்து மூலையில் மிஞ்சியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பழைய பேஸ் கிற்றார் பெட்டி ஒன்று விலைக்கு வருவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான். விற்கிறவர் வாய் திறந்ததும் சொல்லுவது வாற் கணக்கு: "எண்ணூறு வாற் அண்ணை, ஒண்டும் ஆகாது." அந்த எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. எந்த ஸ்பீக்கர் அங்கே வேலை செய்யும், எது ஊமையாகும் என்பதை அந்தக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. ஸ்பீக்கரின் பின்னால் ஒட்டியிருக்கிற வாற் எண்ணுக்கு அதில் பங்கு குறைவு.

இந்த மதிப்பீட்டில் முக்கால்வாசி இடம் அமெரிக்க நிறுவனமான அம்பெக்கின் எஸ்.வி.ரி. 8×10 பெட்டிக்கு, அதாவது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டிக்கு. அதிகம் ஆசைப்படப்படுவதும் அதுதான், அதிகம் பிழையாகத் திருத்தப்படுவதும் அதுதான். வடிவத்தைப் பார்த்து எல்லாரும் "பிரிட்ஜ்" (குளிர்சாதனப் பெட்டி) என்றே சொல்லுவார்கள். 1969 இல் 300 வாற் வால்வு அம்ப் (வெற்றிடக் குழாய்களில் இயங்கும் அம்ப்ளிபையர்) ஒன்றோடு வெளிவந்தது. ஒரு அம்ப்புக்கு இரண்டு பெட்டி என்பதுதான் அப்போதைய கணக்கு, ஏனென்றால் அன்றைய 10 அங்குல ஸ்பீக்கர்கள் தாங்கும் வலு அவ்வளவுதான். இன்று ஒரு பழைய பெட்டியை மட்டும் வாங்கி, அசல் ஸ்பீக்கரோடு, 300 வாற்றையும் அதற்குள் தள்ளுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பின்னர் வந்த எஸ்.வி.ரி.-810ஈ மொடலில் 800 வாற் என்று போட்டிருப்பது உண்மை. ஆனால் அந்த எண் பழைய பெட்டிக்குப் பொருந்தாது.

உள்ளே பார்த்தால் எட்டு ஸ்பீக்கரும் ஒரே அறையில் இல்லை. குறுக்குப் பலகை போட்டு நான்கு அறை, அறைக்கு இரண்டு ஸ்பீக்கர். காற்றுத் துவாரம் கிடையாது, முழுக்க மூடியது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம், எட்டும் சமாந்தரமாக, மொத்தம் 4 ஓம். ஆரம்ப காலப் பெட்டிகளில் இருந்தவை சி.ரி.எஸ். நிறுவனத்தின் சதுர அல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபோல்ற் கலந்த) காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள். பிறகு பெரைற் காந்தமும், எமினென்ஸ் தயாரிப்பும் வந்தன. 1978 இல் சயீரின் (இன்றைய கொங்கோ) ஷாபா மாகாணச் சண்டையோடு கோபோல்ற் விலை ஏறியதால் ஏறக்குறைய எல்லா ஸ்பீக்கர்காரரும் அல்னிக்கோவைக் கைவிட்டார்கள். ஆகையால் அல்னிக்கோ என்பது ஒரு காலத்தின் அடையாளம், அவ்வளவே. அது இருந்தால் சத்தம் தானாக இனிக்கும் என்று நம்பி மேலதிக காசு கொடுக்கத் தேவையில்லை.

உள்ளே இருப்பது அசலா என்று அறிய, சட்டத்திலோ காந்தத்தின் விளிம்பிலோ குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 137 என்று தொடங்கினால் சி.ரி.எஸ்., 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஒக்ஸ்பேர்ட், 67 என்றால் எமினென்ஸ். அடுத்து வருவது ஆண்டும் வாரமும். 137 7114 என்றிருந்தால் 1971 ஆம் ஆண்டு 14 ஆம் வாரம். எட்டில் ஐந்து ஒரு எண்ணும் மூன்று வேறு எண்ணுமாக இருந்தால், பெட்டி ஏற்கனவே ஒருமுறை எரிந்து திருத்தப்பட்டது என்று வைத்துக்கொண்டு விலை பேசலாம்.

வாங்கும் இடத்திலேயே செய்யவேண்டிய சோதனை

ஒரு மல்ரிமீற்றர் போதும். மீற்றரை ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்ட வையுங்கள். 0.3 அல்லது 0.4 காட்டும். அதைக் கடைசி அளவிலிருந்து கழிக்கவேண்டும். கழிக்காமல் விட்டால் கீழே வரும் கணக்கு எல்லாம் பிழைத்துப்போகும். இனி பெட்டியின் ஜாக்கில் ஒரு வயரைச் செருகி மறுமுனையில் அளவெடுங்கள். 32 ஓம் ஸ்பீக்கர் ஒன்றின் சுருள் மீற்றரில் 24 முதல் 28 வரை காட்டும். 26 என்று எடுத்தால், எட்டும் உயிரோடு இருக்கிற பெட்டி 3.25 ஓம் காட்டவேண்டும். 3.7 வந்தால் ஒன்று செத்திருக்கிறது. 4.3 வந்தால் இரண்டு. காதால் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. எட்டில் ஒன்று போனாலும் மற்ற ஏழும் பாடிக்கொண்டே இருக்கும், விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் செத்த ஒன்று சும்மா இருப்பதில்லை. அதே அறையில் இருக்கும் கூட்டாளி பின்னால் போகும்போது, செத்ததின் கோன் (ஸ்பீக்கரில் ஆடுகிற கூம்பு) முன்னால் தள்ளப்படுகிறது. அடைபட்டிருக்க வேண்டிய காற்று அந்த வழியால் தளர்ந்துவிடும். உயிரோடு இருக்கிற ஸ்பீக்கருக்கு ஸ்பிரிங் பாதியாகிவிட்டதுபோல் ஆகி, தாழ்ந்த சுரங்களில் அளவுக்கு மிஞ்சி ஆடும். கொஞ்ச நாளில் அதுவும் போகும். ஒரே அறையில் இரண்டும் எரிந்த பெட்டிகள் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான்.

இதே தொடர்பை வைத்துக் காற்றுக் கசிவையும் பார்க்கலாம். முன்வலையைக் கழற்றிவிட்டு, ஒரு கோனின் நடுமூடியைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் பரவலாக வைத்து, மெதுவாக, நேராக உள்ளே தள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் கூட்டாளி கொஞ்சம் வெளியே எழும்பி வரவேண்டும். தள்ளியபடியே பிடித்திருந்தால் அது மெதுவாகத்தான் இறங்கும், கசிவு இருந்தால் உடனே இறங்கிவிடும். கசிவு வருகிற இடங்கள் நான்கைந்துதான்: ஜாக் தகடு, கைபிடிக் குழி, ஸ்பீக்கர் விளிம்பின் கீழ் இறுகிப்போன மெத்தை, ஆணி கழன்ற ஓட்டை, அறைகளுக்கிடையில் வயர் போகிற துளை. கடைசியாகச் சொன்னதைத்தான் அனேகமானோர் பார்ப்பதில்லை. யாரோ வயர் மாற்றிவிட்டுத் துளையை அடைக்காமல் விட்டிருப்பார்கள், இரண்டு அறையும் ஒன்றாகிக் கிடக்கும். சிலிக்கன் பசை ஒரு குழாய் போதும் அதற்கு.

தள்ளும்போது காதைக் கிட்ட வையுங்கள். சரசரவென்று உராய்ந்தால், சுருள் காந்தத்தின் இடைவெளிக்குள் முட்டுகிறது. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் கிடந்த ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் துரு. விழுந்து அடிபட்ட பெட்டியில் என்றால், பெரைற் காந்தத்தின் பசை விட்டு காந்தம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். துருவைச் சுத்தம் செய்து கோன் மாற்றலாம். நகர்ந்த காந்தத்தை இங்கே நேராக்க முயற்சிப்பது வீண் வேலை.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. 18 மில்லிமீற்றர் பிளைவூட் என்றால் வாங்கலாம். சிப்போட் அல்லது எம்.டி.எஃப். என்றால், அடிப்பக்கத்து மூலைகளை நகத்தால் அமர்த்திப் பாருங்கள். ஒரு கார்த்திகை மழைக்கு ஈரம் குடித்த சிப்போட் பிஸ்கற் மாதிரி உதிரும், ஸ்பீக்கர் ஆணி பிடிக்காது. அப்படியான பெட்டியை வாங்குவதை விட, அளவை எடுத்துக்கொண்டு போய் நல்ல ஓடாவி ஒருவரிடம் மரீன் பிளைவூட்டில் புதிதாகச் செய்விப்பது நல்லது. உட்பக்கப் பஞ்சில் எலி குட்டி போட்டிருக்கும், கையுறை இல்லாமல் கை விடவேண்டாம்.

எந்த ஸ்பீக்கர் போடுவது

அசல் மாதிரியே போடவேண்டுமென்றால் தெரிவு சுலபம். எமினென்ஸ் லெஜன்ட் பி810 இந்தப் பெட்டிவகைக்கென்றே 32 ஓமில் வருகிறது, 150 வாற். பழைய வயரிங்கை அப்படியே விடலாம். சிக்கல் என்னவென்றால் 32 ஓம் ஸ்பீக்கரை இலங்கையில் எந்தக் கடையிலும் தட்டில் வைத்திருக்கமாட்டார்கள். வெளியிலிருந்து எடுப்பிக்கவேண்டும். நாளைக்கு ஒன்று எரிந்தால் திரும்பவும் அதே காத்திருப்பு.

8 ஓம் ஸ்பீக்கர்களால் அதே 4 ஓமை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு அறையின் இரண்டு ஸ்பீக்கரையும் தொடராக இணையுங்கள், 16 ஓம். இப்படி நான்கு அறையையும் சமாந்தரமாகச் சேர்த்தால் 4 ஓம். அம்ப்புக்கு வித்தியாசமே தெரியாது. 8 ஓம் 10 அங்குலம் என்றால் தெரிவு விரிகிறது: எமினென்ஸ் லெஜன்ட் பி102, பிபி102, செலெஸ்ரியன் பல்ஸ்10, பாரம் குறையவேண்டும் என்றால் நியோடிமியம் காந்தம் வைத்த பிஎன்10-200எக்ஸ். தொடர் இணைப்பின் குறை ஒன்றுண்டு. ஒன்று எரிந்தால் அதன் கூட்டாளியும் சேர்ந்து வாயை மூடும், மொத்தம் 5.3 ஓமாக ஏறும். மேடையில் அது பெரிய நட்டமில்லை. ஒரு அறை முழுதாக நின்றுவிடுவதால் உயிரோடு இருப்பதை மிஞ்சி ஆடவிடாமல் காப்பாற்றவும் செய்கிறது. தொடரில் இருக்கும் இரண்டும் ஒரே மொடலாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிழை எங்கே நடக்கிறது என்றால், கோயில் மேடைப் பெட்டிகளுக்குப் போடுகிற 400 வாற் 10 அங்குல ஸ்பீக்கரை வாங்கி எட்டையும் நிரப்பும்போது. வலு கூடத்தானே, சத்தமும் கூடும் என்று கணக்கு. கணக்கை எண்ணாலேயே பார்ப்போம். அறையின் உள்ளளவு 60 × 28 × 34 சென்ரிமீற்றர் என்று வையுங்கள், ஏறக்குறைய 57 லீற்றர். ஸ்பீக்கர் ஒன்றுக்கு 28 லீற்றர் வரும். தரவுத்தாளில் வீஏஎஸ் (கோனைப் பிடித்திருக்கும் விளிம்பின் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு) என்று போட்டிருக்கும் எண்ணும் 28 லீற்றர் என்றால், அந்தப் பெட்டிக்குள் போனதும் ஸ்பீக்கரின் எஃப்எஸ் (கோன் தானாக ஆடும் அதிர்வெண்), கியூரிஎஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு அடங்காமல் இருக்கிறது என்ற எண்) இரண்டும் 1.41 மடங்காகும். எஃப்எஸ் 55 ஹேர்ட்ஸ், கியூரிஎஸ் 0.5 உள்ள பேஸ் கிற்றார் ஸ்பீக்கர் 78 ஹேர்ட்ஸ், 0.71 என்று வந்து நிற்கும். 78 ஹேர்ட்ஸில் 3 டெசிபெல் மட்டும் குறையும், அருமையான நிலை. பெரிய காந்தமுள்ள மேடை ஸ்பீக்கரின் எஃப்எஸ் 60, கியூரிஎஸ் 0.28 என்று எடுங்கள். அது 85 ஹேர்ட்ஸ், 0.40 என்று வரும். 85 ஹேர்ட்ஸில் 8 டெசிபெல் போய்விட்டது, வலுக் கணக்கில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. காந்தம் பெரிதாகப் பெரிதாக மூடிய பெட்டியில் தாழ்ந்த சுரம் மெலிகிறது. அந்த ஸ்பீக்கருக்குத் துவாரம் வைத்த பெட்டி வேண்டும். சுருக்கமான விதி ஒன்று உண்டு: எஃப்எஸ்ஸைக் கியூஈஎஸ்ஸால் (காந்தமும் சுருளும் மட்டும் ஆட்டத்தை அடக்கும் அளவு, அதே தாளில் இருக்கும்) பிரியுங்கள். 50க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100க்கு மேலே வந்தால் துவாரப் பெட்டி, நடுவில் வந்தால் இரண்டுக்கும் போடலாம்.

அதைவிட மோசம் கார் சப்வூஃபர். மலிவு, எங்கும் கிடைக்கும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அதன் கோன் பாரமானது. ஒரு வாற்றுக்கு 86, 87 டெசிபெல் தருகிறதே பெரிய விஷயம், பேஸ் கிற்றார் ஸ்பீக்கர் 96, 97 தரும். 10 டெசிபெல் குறைவு என்றால் அதே சத்தத்துக்குப் பத்து மடங்கு வலு. விரல் தந்தியில் படுகிற ஒலியும் அதில் வராது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஓய்ந்த பிறகு "என்ன, பேஸ் உறுமுது, ஆனால் என்ன சுரமெண்டு விளங்கேல்லை" என்று சனம் சொல்லுகிற சத்தம் அதுதான்.

மாற்றும் வேலை

புதிய ஸ்பீக்கரின் வெட்டு விட்டத்தை முன்னரே அளந்துகொள்ளுங்கள். 10 அங்குலத்துக்கு ஏறக்குறைய 231 மில்லிமீற்றர், 12க்கு 282, 15க்கு 354. பழைய துளை சற்றுப் பெரிதாக இருந்தால் பரவாயில்லை, விளிம்பு மெத்தை மூடும். ஆணித்துளைகள் பொருந்தாவிட்டால் பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துளைக்கக்கூடாது, பலகை பிளந்துவிடும். ஸ்பீக்கரை 15 பாகை அளவில் திருப்பிவைத்துத் துளையுங்கள். மரஆணி வேண்டாம், பின்னாலிருந்து அடிக்கிற ரீ-நட்டும் போல்ற்றும் போடுங்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முறுக்கி இறுக்கினால் சட்டம் வளைந்து, புதிய ஸ்பீக்கரே உராயத் தொடங்கும்.

வயர் 1.5 சதுர மில்லிமீற்றர், பல இழைகள் உள்ளது. ஈயம் பிடிப்பதென்றால் சூட்டுக்கோலை மூன்று செக்கனுக்கு மேல் வைக்கவேண்டாம், முனைத்தகட்டின் கீழே உள்ள பிளாஸ்ரிக் உருகும். இணைத்து முடிந்ததும் 1.5 வோல்ற் பற்றறியை ஜாக்கில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். எட்டுக் கோனும் ஒரே பக்கம் பாயவேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதன் வயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது கூட்டாளியின் ஒலியைத் தின்றுவிடும். பழைய ஜே.பி.எல். டி, கே, ஈ வரிசைகளைக் கலந்து போடுகிறவர்கள் இதில் கவனம்: அவற்றின் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கோன் உள்ளே போகும். பழுதில்லை, அவர்கள் அந்தக் காலத்தில் வைத்த முறை அப்படி.

கோன் மாற்றித் தரும் திருத்துநர்கள் இங்கே இருக்கிறார்கள், கைவேலையும் நல்லது. பிரச்சினை கிடைக்கிற கோன்தான். கிடைப்பவை மேடை ஸ்பீக்கருக்கானவை. பாரமும் விளிம்பின் இறுக்கமும் வேறு. சுருளின் விட்டம் பொருந்தினாலும் எஃப்எஸ் 55இலிருந்து 80க்குத் தாவிவிடும், மேலே சொன்ன கணக்கு முழுதும் கவிழும். அசல் கோன் கட்டு கிடைக்காவிட்டால் ஸ்பீக்கரையே மாற்றுவதுதான் மலிவு. பீவி பிளாக் விடோ 15 அங்குலம் இதில் விதிவிலக்கு. அதன் சட்டமும் கோனும் சுருளும் ஒரே துண்டாகக் காந்தத்திலிருந்து போல்ற் கழற்றி எடுக்கக்கூடியவை. புதிய துண்டை வைப்பதற்கு முன் ஒட்டும் தாளை மடித்து இடைவெளிக்குள் விட்டு இரும்புத் தூளை எடுத்தால், அரை மணி நேர வேலை.

மற்றப் பெட்டிகள்

அம்பெக் பி-15, 1960 இல் வந்த 15 அங்குல ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி, 25 முதல் 30 வாற் வால்வு அம்ப்போடு. ஒலிப்பதிவுக்கும் சிறிய தேவாலயத்துக்கும் இதைவிட இனிமையானது கிடையாது, திறந்த வெளிக்கு உதவாது. அம்ப் சிறியது என்பதால் ஸ்பீக்கர் தாங்கும் வாற்றைப் பார்க்காமல் டெசிபெல் கூடியதைப் போடுங்கள்.

பென்டர் பேஸ்மன்: 1952 இல் ஒரு 15 அங்குலத்தோடு தொடங்கி, 1954 இல் பின்பக்கம் திறந்த 4×10 ஆனது. பெயர் பேஸ் என்றாலும் இன்று அது கிற்றார்காரரின் சொத்து. பேஸுக்கென்று வாங்காதீர்கள்.

மார்ஷல் 4×12 பழைய பேஸ் பெட்டிகளில் செலெஸ்ரியன் ஜி12எம் அல்லது ஜி12எச் இருக்கும், 25 வாற்றும் 30 வாற்றும். இரண்டுமே 55 ஹேர்ட்ஸ், 75 ஹேர்ட்ஸ் என்று இரண்டு கோனில் வந்தன. பேஸுக்கு 55. யாரோ 75ஐப் போட்டுத் திருத்தியிருந்தால் சத்தம் மூக்கால் வரும். நாலும் சேர்ந்தாலும் 100, 120 வாற்தான், இன்றைய 500 வாற் அம்ப்பைக் கொடுத்தால் ஒரு பாட்டுக்குத் தாங்காது.

யாழ்ப்பாணத்து மேடையில்

எஸ்.வி.ரி.-810ஈ யின் தரவில் 58 ஹேர்ட்ஸில் 3 டெசிபெல், 40இல் 10 டெசிபெல் குறைகிறது. தடித்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ். அதாவது அடிச்சுரம் பத்தில் ஒரு பங்கு வலுவோடுதான் வருகிறது, 82 ஹேர்ட்ஸில் இருக்கும் அதன் இரட்டிப்பைக் கேட்டுக் காது மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது. இந்தப் பெட்டியின் இறுக்கமான, சுரம் விளங்குகிற சத்தத்தின் இரகசியம் அதுவே. ஐந்து தந்திக்காரரின் 31 ஹேர்ட்ஸை இதில் தேடவேண்டாம். வீரசிங்கம் மண்டபம் மாதிரிச் சுவருள்ள இடத்தில் 8×10 ஒன்று தாராளம். முற்றவெளி மாதிரித் திறந்த வெளியில் நெஞ்சில் இடிக்கிற சத்தம் வேண்டுமென்றால் அது ஒலியமைப்பாளரின் சப்பெட்டி வேலை. பேஸ் பெட்டி மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த வால்வு அம்ப்பும் சேர்ந்து கிடைத்தால், 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த மின்மாற்றியா என்று பாருங்கள். 230இலிருந்து இறக்கிக் கொடுத்தாலும் எங்கள் 50 ஹேர்ட்ஸில் அது கூடுதலாகச் சுடும். பெட்டி இணைக்காமல் வால்வு அம்ப்பைப் போடவே கூடாது.

தீர்ப்பு: பிளைவூட் நல்ல நிலையில், அறைகள் கசியாமல் இருந்தால் எட்டு ஸ்பீக்கரும் செத்திருந்தாலும் வாங்குங்கள், வெறும் பெட்டி விலைக்கு. சிப்போட் வீங்கியிருந்தால் எட்டும் அசலாக இருந்தாலும் பெட்டிக்குக் காசு கொடுக்காமல் ஸ்பீக்கருக்கு மட்டும் விலை பேசுங்கள். 810ஈ 63 கிலோ, நாலடி உயரம். ஓட்டோவில் ஏறாது, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் படுக்கவைத்துக் கட்டலாம். கோயில் வீதி மணலில் அதன் சின்னச் சில்லு புதையும், இரண்டு பேர் தூக்கவேண்டும். தனியாளாக ஓடித்திரிகிறவர் அதே மாதிரி மூடிய 4×10 ஒன்றைத் தேடுவது நல்லது. 8 ஓம் ஸ்பீக்கர் நாலை இரண்டு தொடர், இரண்டு சமாந்தரமாகப் போட்டால் 8 ஓம் வரும், பிறகு இன்னொன்றைச் சேர்த்து 4 ஓம் ஆக்கலாம். வீட்டில் வைக்கும்போது சீமெந்து நிலத்தில் நேராக வைக்காமல் இரண்டு கல்லும் பலகையும் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிமிர்த்தியே வையுங்கள். மாரி முழுக்கப் படுக்கவைத்த பெட்டியில் கோன் தொய்ந்துவிடும், கறையானுக்கும் அடிப்பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.